எலிக்கு இலை போட்ட கதை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மூன்று மாதத்துக்கு முன், மழை பெய்த ஒரு மதியம், புதுச் சந்தையின் மாடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் என் தட்டில் வேகவைத்து மசித்த வாழைக்காயான மத்தோக்கேயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது தட்டு ஆறியிருந்தது. யாரிடமும் சொல்லாதே என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

எழுதுவதும் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இந்த நோட்டு யார் கண்ணிலும் படாத நோட்டு. இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் எங்கோ அசந்திருக்கிறேன், அல்லது என் மனம் மாறியிருக்கிறது. எதுவானாலும் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒருத்தி செய்த தவறு வெளியே தெரிந்தால், இன்றைக்கும் அவள் கடை போய்விடும். அதனால் சில இடங்களில் நான் பொய் எழுதியிருக்கிறேன். எந்த இடங்கள் என்று சொல்லமாட்டேன்.

எங்கே தொடங்குவது?

"ஒரு பசு செத்த அன்று காலையில்—"

வேண்டாம். முதல் வரியிலேயே பசுவைச் சாகடித்தால் கடைசிவரை அது நடுவில் செத்துக் கிடக்கும்.

"குப்பை நாறும் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

இது உண்மைதான், ஆனால் சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறது. எனக்குச் சண்டை வராது.

"கிஸ்ஸா என்றொருவர் இருந்தார்."

இது போதும். கிஸ்ஸா என் அப்பா. அப்பா என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. கிஸ்ஸா என்று எழுதினால் ஓடுகிறது.

2

கிஸ்ஸா என்றொருவர் இருந்தார். மசாக்கா சாலையில் உள்ள எங்கள் ஊரின் பழைய சந்தையில் குப்பை முற்றத்துச் சாவி அவரிடம் இருந்தது. ஐந்து சாப்பாட்டுக் கடைகளின் முதுகுக்குப் பின்னால், இடுப்புயரச் சுவருக்குள் ஒரு சிமெண்ட் தளம், அதுதான் முற்றம். சந்தையின் மொத்தக் குப்பையும் அங்கேதான் வந்து சேரும்.

குப்பைக்கு எதற்குச் சாவி, யார் திருடப் போகிறார்கள் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். திருடர்கள் நாலு பேர் என்பார் கிஸ்ஸா. நாய், எலி, ஈ, கரப்பான். சாவி நாய்க்கு மட்டும்தான். மற்ற மூன்று பேருக்காகத்தான் தான் வேலை பார்ப்பதாகச் சொல்வார்.

அந்த வேலையை எழுத எனக்கு ஒரு நோட்டு போதாது. பதினாறு இரும்புப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் மூன்று செங்கல் மேல் நிற்கும். அடியில் துடைப்பம் போய் வரும். ஒளிய இடம் இருக்காது. மூடிகளைப் பழைய சைக்கிள் டியூபை அறுத்த பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பார். மீன் குடலுக்குத் தனிப் பீப்பாய். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் மேலே ஒரு தட்டு அடுப்புச் சாம்பல். காலியான பீப்பாயைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். ஈரம் இல்லாத இடத்தில் ஈ முட்டையிட்டால் அதன் பிள்ளைகள் உருப்படாது என்பது அவர் கணக்கு. சுவரில் விரல் நுழையும் ஓட்டை தெரிந்தால் உடைந்த சோடா பாட்டிலை நொறுக்கி சிமெண்டில் குழைத்து அடைப்பார். சாக்கடை வாயில் கம்பி வலை. சுவரைச் சுற்றி ஒரு எட்டு அகலத்துக்குப் புல் முளைக்க விடமாட்டார். வெட்டவெளியைக் கடக்க எலி கூச்சப்படும் என்பார்.

(கூச்சப்படும் என்பது அவருடைய சொல். எனக்கு அந்த எலியைப் பிடிக்கும்.)

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாழைக்காய்த் தோல். எங்கள் சந்தைக் குப்பையில் முக்கால்வாசி அதுதான். தினமும் பகல் பன்னிரண்டுக்குள் செங்குபுகே என்கிற பெரியவர் சைக்கிளில் வருவார். மேட்டில் அவருக்கு ஒரு வீடும், கொட்டகையில் கட்டிய ஒரே ஒரு பசுவும் இருந்தன. பசுவின் பெயர் சீமா. தோல், கிழிந்த வாழையிலை, முட்டைக்கோஸின் வெளி இலை என்று பச்சையாக எது கிடந்தாலும் வாரிச் சாக்கில் திணித்துக்கொண்டு போவார். மறுநாள் காலை அதுவே பாலாகத் திரும்பி வந்து ஐந்து கடைகளிலும் தேநீரில் விழும். குப்பை தூங்கி எழுவதற்குள் அதை அனுப்பிவிட வேண்டும் என்பார் கிஸ்ஸா. தங்கிய குப்பைக்குத்தான் விருந்தாளி வருவான்.

இப்போது சந்தை மாடிக் கட்டடம். கீழே இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. இயந்திர லாரி வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்காவது சூடான சாம்பலில் தண்ணீர் தெளிக்கும் வாசனை வந்தால் நான் நடுத்தெருவிலும் நின்றுவிடுகிறேன். பள்ளி விட்டு வரும்போது அந்த வாசனை வந்தால், அப்பா வேலையை முடித்துவிட்டார், இனி கை கழுவுவார் என்று அர்த்தம்.

முற்றத்துச் சுவர்மேல் எப்போதும் இரண்டு மூன்று கலோலிகள் நிற்கும். நெஞ்சுயர நாரை, மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. சம்பளம் கேட்காத ஊழியர்கள் என்று கிஸ்ஸா சொல்வார். அதில் ஒன்றுக்குச் சேர்மன் என்று பெயர். சந்தைச் சேர்மனுக்கும் அது தெரியும்.

3

எலியை அவர் கொல்லமாட்டார். இதை எழுதாமல் கதை நகராது.

எங்கள் குலம் முசு. முசு என்பது நாணல் காட்டில் திரியும், பூனையளவு கொழுத்த ஒரு எலி. பிற குலத்தார் அதை வாட்டித் தின்பார்கள். நாங்கள் தின்னமாட்டோம், கொல்லமாட்டோம். அது எங்களுக்கு உறவு. சந்தையில் ஓடும் சுண்டெலிக்கும் பெருச்சாளிக்கும் அந்த உறவில் இடமில்லை. குலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிஸ்ஸா மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். பெரியப்பா பிள்ளை உறவு என்றால் சித்தப்பா பிள்ளையும் உறவுதானே என்பார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று சந்தையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு விஷயத்தை வைத்துச் சந்தை பல வருஷம் சிரித்தது.

"கிஸ்ஸா, ராத்திரி உன் தம்பி என் சோளமாவு மூட்டையில படுத்திருந்தான்."

"நீ ஏன் கதவுல இடுக்கு விட்ட? இடுக்கு இருந்தா சொந்தக்காரன் வரத்தான் செய்வான்."

"வந்தவன் சும்மாவா போனான், பிள்ளை பெத்துட்டுப் போயிருக்கான்."

"அப்ப நான் பெரியப்பா ஆயிட்டேன். டீ வாங்கிக் குடு."

இப்படித்தான். சிரிப்போடு சிரிப்பாக அன்று மாலையே அந்தக் கதவின் இடுக்கைத் தகரம் அடித்து மூடிவிட்டு வருவார். எலியைக் கொன்றால் ஒரு எலி குறையும், மூடியை மூடினால் குடும்பமே வேறு ஊர் பார்க்கும் என்பார். பழைய சந்தையில் எலி அறவே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். குறைவு. வந்தது தங்கவில்லை.

4

அந்த ஏப்ரலில் மழை எட்டு நாள் விடவில்லை. கீழ்ப்பாலத்தில் தண்ணீர் ஏறியதால் குப்பை லாரி வரவில்லை. பதினாறு பீப்பாயும் நிறைந்து, மூடிகள் மூடாமல், தோல் சுவரைத் தாண்டி வெளியே கடைகளின் முதுகு வரை வழிந்தது. நனைந்த தோலைச் செங்குபுகேயால் ஒரு நடைக்கு அரைச் சாக்குதான் சைக்கிளில் மிதித்துக் கொண்டுபோக முடிந்தது. சாம்பல் போட்டால் கரைந்து ஓடியது. ஆறாம் நாள் எலிகள் வந்தன, பகலிலேயே.

இப்போது நாலோங்கோ வரவேண்டும்.

இரட்டைப் பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் நாலோங்கோ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு. எங்கள் சாப்பாட்டு வரிசையில் நாலோங்கோக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் கதையின் நாலோங்கோ அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக இருக்கலாம். இரட்டைப் பிள்ளையே பெறாத மூன்றாமவளாகவும் இருக்கலாம். தேடாதீர்கள்.

முதல் தடவை எழுதியபோது அவளைக் கெட்டவளாக எழுதினேன். "நாலோங்கோ கண்ணைச் சுருக்கி முற்றத்தைப் பார்த்தாள், அவள் மனதில் ஒரு—" அடித்துவிட்டேன். அவள் கண்ணைச் சுருக்குகிறவள் இல்லை. தட்டில் கடலைக் குழம்பு தீர்வதற்குள் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுகிறவள். இரண்டாம் தடவை ரொம்ப நல்லவளாக எழுதினேன்; விஷத்தை வாங்க அவள் கையே நீளவில்லை, கதை அங்கேயே நின்றுவிட்டது. இப்போது எழுதுவது மூன்றாம் தடவை.

வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி வருவதாக இருந்தது. எலி கண்ணில் பட்டால் முற்றத்துக்கு மிக அருகில் உள்ள கடையைத்தான் முதலில் மூடுவார். அது நாலோங்கோவின் கடை. புதன்கிழமை, மழையின் எட்டாம் நாள், மூன்றாம் முறையாக அவள் கிஸ்ஸாவிடம் வந்தாள்.

"கடலைமாவு மூட்டையக் கிழிச்சுப் போட்டிருக்கு. நாளன்னிக்கு அதிகாரி வர்றாரு. என்ன செய்யப்போற?"

"நாளைக்கு லாரி வந்துரும் நாலோங்கோ. மூட்டையத் தூக்கிக் கம்பில கட்டு."

"நாளைக்கு நாளைக்குன்னு நீயும் எட்டு நாளா சொல்ற. அது நாள் பாத்தா வருது?"

அவரிடம் அன்று தம்பியைப் பற்றிய வேடிக்கை எதுவும் இல்லை. நாளைக்கு வந்துவிடும் என்று இன்னொரு தடவை சொன்னார். அதைத்தான் அவளால் இன்று வரை மறக்க முடியவில்லை. சொல்லும்போது அவர் அவளைப் பார்க்காமல் மூடாத மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

செத்த எலிகளைக் குச்சியில் கோத்துத் தூக்கிக்கொண்டு, தோளில் ஒலிபெருக்கி மாட்டி, தெருத் தெருவாக எலிமருந்து விற்கிறவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று மாலை அவனிடம் அவள் ஒரு பொட்டலம் வாங்கினாள். சந்தைக்குள் விஷம் கூடாது என்பது விதி. சாப்பாடு விற்கிற இடம். வைத்தவர் சந்தையை விட்டே போக வேண்டும். அவளுக்கும் தெரியும். காய்ந்த முக்கேனே மீனை இடித்து, சோளக்களியில் பிசைந்து, மருந்தைச் சேர்த்து, உருண்டை பிடித்தாள்.

பிடித்ததை எங்கே வைப்பது? வேறு ஊர்க்காரி என்றால் சுவரோரம் உருட்டிவிட்டுப் போயிருப்பாள். நாலோங்கோ வாழையிலை கிழித்தாள். பல வருஷமாக இலையில் வைத்துப் பழகிய கை. நடு நரம்பைக் கிள்ளி எடுத்தாள். உருண்டை உருளாமல் இருக்க மூலையை இரண்டு தடவை மடித்தாள். தன் கடைக்குப் பின்னால், தாழ்வாரத்துக்குக் கீழே, இரண்டு இலை போட்டாள்.

"எலிக்குன்னாலும் வெறுந்தரையில வைக்கக் கை வரல பொண்ணே" என்றாள் என்னிடம்.

5

பச்சையாக எது கிடந்தாலும் பசுவுக்கு. செங்குபுகேக்கு இலையைத் திறந்து பார்க்கிற வழக்கம் கிடையாது.

6

வியாழன் விடியலில் மழை விட்டது. லாரி வருகிறதா என்று பார்க்க கிஸ்ஸா பாலம் வரை போயிருந்தார். வழக்கமாகப் பத்து மணிக்குமேல் வரும் செங்குபுகே, வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் ஏழு மணிக்கே வந்து, சுவருக்கு வெளியே வழிந்து கிடந்ததை முதலில் வாரினார்.

எட்டு மணிக்கு நாலோங்கோ வந்து பார்த்தபோது ஒரு இலைதான் இருந்தது. இன்னொன்றை எலிகள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்தாளாம்.

(இலையோடா? இதை நான் அவளிடம் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கதையில் ஓட்டை இருக்கிறது, தெரியும். அடைக்க என்னிடம் எதுவும் இல்லை.)

ஒன்பது மணிக்குக் கிஸ்ஸா திரும்பினார். இனி வருவது முழுக்க என் கற்பனை. நான் அப்போது வகுப்பில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிஸ்ஸா தாழ்வாரத்துக்குக் கீழே குனிகிறார். ஒரு இலை, அதில் கை படாத மூன்று உருண்டைகள். பக்கத்தில், ஈரச் சிமெண்டில், இலை அளவுக்கு ஒரு காய்ந்த இடம். மடித்த மூலையைப் பார்க்கிறார். ஐந்து கடைக்காரிகளும் ஐந்து விதமாக இலை மடிப்பார்கள். தினமும் எச்சில் இலை அள்ளுகிறவருக்கு அது கையெழுத்து மாதிரி. அந்த இலையை அப்படியே சாம்பல் தகரத்தில் போட்டு மூடுகிறார். பிறகு சேற்றில் சைக்கிள் தடத்தைப் பார்க்கிறார்.

ஓடினார்.

கிஸ்ஸா ஓடி யாரும் பார்த்ததில்லை. பருத்த உடம்பு, காலில் ரப்பர் பூட்ஸ். டாக்ஸி நிற்குமிடத்தில் இருந்த பையன்கள் தம்பிமார் துரத்துகிறார்களா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியதும்தான் சிரிப்பை நிறுத்தினார்களாம். அவர் ஏன் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அந்த மேட்டுச் சேற்றில் மோட்டார் சைக்கிள் ஏறாது என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தோன்றவே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன்.

ஒரு பிரதியில் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சீமாவின் வாயிலிருந்து இலையைப் பிடுங்கினார். செங்குபுகே அவரைப் பைத்தியம் என்று திட்டினார். பசு அவர் சட்டையை நக்கியது. இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. அதில் நான் நீலப் பாவாடை கட்டி உயர்நிலைப் பள்ளிக்குக்கூடப் போனேன். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

அவர் மேலே ஏறியபோது செங்குபுகே கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்து, பசுவின் தலையை மடியில் வைத்திருந்தார். சீமா முன்னங்கால்களை—

இல்லை.

7

செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் கத்தியும் பாத்திரமுமாக வந்தார்கள். பசு செத்தால் இறைச்சிதானே. கிஸ்ஸா மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். ஒருத்தருக்கும் ஒரு துண்டும் கிடையாது, நாய்க்கும் கிடையாது, கலோலிக்கும் கிடையாது என்றார். விஷம் என்று அவர் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது.

குழியை அவரே வெட்டினார். இரண்டு ஆள் ஆழம். செங்குபுகே பார்த்துக்கொண்டிருந்தார். பசுவை இறக்கி, மேலே சாம்பல், அதன் மேல் சுண்ணாம்பு, மண், நாய் தோண்டாமல் இருக்கக் கல், மறுபடி மண். சுற்றி ஒரு எட்டு அகலத்துக்குப் புல்லையும் செத்தினார். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே போய்ப் பார்த்தேன். சமமாக இருக்கிறது. எந்தப் பிராணியும் அந்த மண்ணைக் கிளறவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவர் வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலை அந்தக் குழிதான். அதை அவரிடம் சொன்னதில்லை.

8

வெள்ளிக்கிழமை காலை, சந்தை வாசலில் பலாமரத்தடியில் கூட்டம். சுகாதார அதிகாரி வருவதற்குள் முடித்துவிடச் சேர்மன் அவசரப்பட்டார். வைத்தவர் யார் என்று கேட்டார். தெரியும்வரை ஐந்து கடைகளும் மூடியிருக்கும் என்றார். ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலோங்கோ தரையைப் பார்த்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்றார் கிஸ்ஸா.

கூட்டம் சிரித்தது. பயத்தில் இருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. பின்னாலிருந்து ஒருவன், சொந்தத் தம்பிக்கே விருந்து வைத்தாயா என்றான். சேர்மனும் சிரித்துவிட்டு, "வெளையாடாத கிஸ்ஸா, நேரமாகுது" என்றார்.

கிஸ்ஸா சிரிக்கவில்லை.

"எங்க குலத்துக்கு முசு. நாணல்ல இருக்கிறது. இது சந்தை எலி. இதுக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

சிரிப்பு நின்றது. பல வருஷமாகக் குலத்தார் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளாத விஷயம். அதை அவரே தன் வாயால், நிதானமாக, கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அவரை நம்பாமல் இருக்க முடியவில்லை. அப்படியானால் இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா என்று ஒரு தக்காளிக்காரி கேட்டாளாம். செங்குபுகே எழுந்து வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "ஓடி வந்தியே, அதுக்காகவா?" என்று மட்டும் கேட்டார். கிஸ்ஸா ஆமாம் என்றார்.

சாவியைச் சேர்மன் கையில் வைத்தார். முற்றத்துக்குள் போய்த் திறந்திருந்த மூடிகளில் மூட முடிந்ததை மூடினார். பதினொரு மணிக்கு லாரி வந்தபோது அவர் சந்தையில் இல்லை.

அன்று மதியம் நான் பள்ளியிலிருந்து வந்தேன். அடுத்த பருவத்துக்கு நான் திரும்பப் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் தான் நின்றதைப் பற்றி நாலோங்கோ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"நான் வாயத் தொறந்தேன் பொண்ணே. சத்தியமா தொறந்தேன். உங்கப்பா என் பக்கம் திரும்பவே இல்ல. ஒரு தடவ பாத்திருந்தா சொல்லியிருப்பேன்."

9

ஏன் செய்தார்?

நோட்டில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதினோரு பக்கம் போயிருக்கிறது. மூன்று பதில்களை வைத்திருக்கிறேன்.

ஒன்று, சந்தை பேசியிருக்கக்கூடியது: அவருக்கு நாலோங்கோ மேல் பிரியம். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுகிறவள் மேல் யாருக்குத்தான் பிரியம் வராது? ஆனால் அப்பா அவள் கடையில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஐந்து கடைக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கு கட்டிக்கொண்டு போவார்.

இரண்டு: அவள் மூன்று தடவை வந்து கேட்டாள், அவர் மூன்று தடவையும் நாளைக்கு என்றார். மூடிகள் மூடவில்லை. மூடியிருந்தால் எலி வந்திருக்காது. எலி வராதிருந்தால் இலை விழுந்திருக்காது. இந்தக் கணக்கில் விஷம் வைத்தது அவர்தான். அவர் சொன்னது பொய்யே இல்லை.

மூன்றாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாலோங்கோவின் இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்போது நாலு வயது. எனக்குப் பன்னிரண்டு. என்னைப் பற்றி அவர் யோசித்தாரா? யோசித்துத்தான் செய்தாரா? பிள்ளை வளர்ந்துவிட்டது, சமாளித்துக்கொள்ளும் என்று—

(இந்த வரியை நாலு தடவை தொடங்கிவிட்டேன். விடுகிறேன். நீங்கள் முடிக்கலாம். ஆனால் என்னிடம் காட்டாதீர்கள்.)

பல வருஷம் நானும் அவரைக் குற்றவாளி என்றுதான் நினைத்திருந்தேன். எலியை உறவு என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, ஒளித்து விஷம் வைத்த மனுஷன். சாப்பிடும்போது அவர் என் தட்டில் எடுத்து வைத்த மீன் துண்டைத் திருப்பி அவர் தட்டிலேயே வைத்திருக்கிறேன். அதையும் அவர் சாப்பிட்டார்.

10

முடிவு வேண்டும் இல்லையா?

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். ஏரிச் சாலையில் இறங்கினால் ஒரு சின்னத் தோட்டம். மரவள்ளி, பீன்ஸ், நாலு வாழை. கிழங்கு வைக்கும் அறையின் கதவிடுக்கில் தகரம் அடித்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

முதல் முடிவில் நான் கேட்கிறேன். பழைய சந்தையில் அந்த இலைகளைப் போட்டது யார் அப்பா என்று. அவர் கையில் இருந்த காயை உரித்து முடித்துவிட்டு, "நான்தான் வெச்சேன். ஏன், யாராவது வேற சொன்னாங்களா?" என்கிறார். நான் இல்லை என்கிறேன். அப்படியென்றால் சரி என்கிறார்.

இரண்டாவது முடிவில் நான் கேட்கவில்லை. பீன்ஸ் உரித்து முடிகிறது. பழைய சந்தை நன்றாக இருந்தது அப்பா என்கிறேன், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். பதினாறு பீப்பாயையும் எந்த வரிசையில் கழுவுவார் என்று சொல்லத் தொடங்குகிறார். சொல்லச் சொல்ல அவர் முகம்—

மூன்றாவதில் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். அதை எழுதிப் பார்த்தேன். அதில் அவர் அழுதார். அவரை அழவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதையும் கிழித்தேன்.

போன ஞாயிறு இவற்றில் எது நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். செங்குபுகே இன்னும் இருக்கிறார், இப்போது சந்தைக் குழுவில் அவரும் ஒருவர். விதியும் மாறவில்லை. ஒருநாள் நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, புதுச் சந்தையின் மாடியேறி, ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் பழைய பேச்சை எடுக்கலாம். அந்தப் பசுவுக்கு விஷம் வைத்தது யார் என்று கேட்கலாம். பரிமாறுகிறவளின் கரண்டி அந்த நேரம் கொஞ்சம் தயங்கலாம். நீங்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கிஸ்ஸாதான் வைத்தார் என்று சொல்லுங்கள்.